அடுக்குக் கட்டில்: வாங்கும் முன் மின்விசிறியைப் பாருங்கள்

கேள்வி: மகளுக்கு 8 வயது, மகனுக்கு 4. இருவருக்கும் பத்துக்குப் பத்து அறை ஒன்றுதான் இருக்கிறது. இடம் மிச்சமாகும் என்று ஒரு கடையில் மர அடுக்குக் கட்டில் பார்த்து வைத்திருக்கிறோம். மேல் தட்டின் தடுப்பு, பலகையிலிருந்து 11 அங்குல உயரம். 8 அங்குல ஸ்பிரிங் மெத்தை இலவசமாகத் தருகிறார்களாம். மகனோ மேலேதான் படுப்பேன் என்று அடம் பிடிக்கிறான். வாங்கலாமா? (வாசகி, தாம்பரம்)

பதில்: மகன் மேலே படுக்கவே கூடாது. 6 வயது நிரம்பாத பிள்ளையை மேல் தட்டில் படுக்க வைக்கக் கூடாது என்றுதான் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கட்டிலிலேயே எச்சரிக்கை ஒட்டுகிறார்கள். எவ்வளவு அழுதாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். அக்கா மேலே, தம்பி கீழே.

அடுத்து அந்த இலவச மெத்தை. 11 அங்குலத் தடுப்பில் 8 அங்குல மெத்தையைப் போட்டால் மிஞ்சுவது 3 அங்குலம். தூக்கத்தில் புரளும் பிள்ளையை அது நிறுத்தாது. மெத்தைக்கு மேல் 5 அங்குலமாவது தடுப்பு இருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. ஐரோப்பியத் தரநிலை 16 செ.மீ. கேட்கிறது. நான் ஐரோப்பிய அளவையே சொல்வேன். 4 அங்குல மெத்தை வாங்குங்கள், 7 அங்குலம் மிஞ்சும். இலவச மெத்தையைக் கீழே போட்டுக்கொள்ளலாம்.

தடுப்பு சுவர்ப் பக்கமும் வேண்டும். “சுவர்தான் இருக்கிறதே” என்று கடைக்காரர் சொல்வார். கட்டில் நாளடைவில் நகரும். மெத்தைக்கும் சுவருக்கும் நடுவே பிள்ளை சிக்கிக்கொள்ளும். தடுப்புச் சட்டங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியையும் டேப் வைத்து அளந்து பாருங்கள். 9 செ.மீ.க்கு மேல் இருந்தால் உடம்பு நுழைந்துவிடும், தலை மாட்டிக்கொள்ளும். பயப்பட வேண்டியது இதற்குத்தான்.

நம் வீடுகளில் இன்னொரு பெரிய ஆபத்து மின்விசிறி. மெத்தையின் மேல்பரப்பு தரையிலிருந்து ஐந்தரை அடி என்று வையுங்கள். நாலடி உயர மகள் எழுந்து நின்றால் தலை ஒன்பதரை அடிக்குப் போகும். பத்தடிக் கூரையில் விசிறி இறக்கை ஏறக்குறைய ஒன்பதடியில்தான் சுற்றும். சரி, கட்டிலைச் சுவரோரம் தள்ளிப் போட்டால் போதாதா? உங்கள் அறையில் நடுவிலிருக்கும் விசிறி சுவரிலிருந்து 5 அடி. 1200 மி.மீ. விசிறியின் இறக்கை நடுவிலிருந்து 2 அடி நீளும். மூன்றடி அகலக் கட்டிலின் விளிம்பு நேராக இறக்கை நுனிக்குக் கீழே வரும். கை நீட்டினால் போதும். அதனால் கட்டில் வரும் முன்பே கூரை விசிறியைக் கழற்றிவிட்டு, கூண்டு போட்ட சுவர் விசிறியை எதிர்ச்சுவரில் மாட்டுங்கள். அந்தச் செலவையும் கட்டில் விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள்.

கடையில் கட்டிலைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். மேல் தட்டின் பலகைகள் வெறுமனே விளிம்பில் உட்கார்ந்திருந்தால் வேண்டாம். கீழே படுத்திருப்பவன் காலால் உதைத்தாலே கிளம்பிவிடும். திருகாணி போட்டு இறுக்கியிருக்க வேண்டும். ஏணியும் அப்படித்தான், சும்மா கொக்கி மாட்டித் தொங்கக் கூடாது. படி உருளைக் கம்பியாக இல்லாமல் பட்டையாக இருந்தால் பிஞ்சுப் பாதம் வலிக்காது, வழுக்காது.

கட்டிலை ஜன்னலோரம் போடாதீர்கள். மேல் தட்டிலிருந்து துப்பட்டா, ஸ்கிப்பிங் கயிறு, கொசுவலைக் கயிறு எதுவும் தொங்கக் கூடாது. கழுத்தில் சுற்றிக்கொள்ளும். மாதம் ஒருமுறை போல்ட்டுகளை முறுக்கிவிடுங்கள்.

இரண்டு தனிக் கட்டில்களாகப் பிரிக்கக்கூடிய மாடல் கிடைத்தால் அதையே எடுங்கள். இல்லையென்றால், அடியிலிருந்து இழுத்துக்கொள்ளும் கட்டில் இருக்கிறது. அதுவும் இடத்தை அடைக்காது. நான்கு வயதுப் பையன் உள்ள வீட்டுக்கு நான் அதைத்தான் முதலில் சொல்வேன். பகலில் அக்கா பள்ளிக்குப் போனதும் அவன் ஏணியில் ஏறாமல் இருக்க மாட்டான்.

பில்லைப் பத்திரமாக வையுங்கள். கட்டிலில் குறை இருந்து கடைக்காரர் கைவிரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் புகார் சொல்லலாம்.