வாசகர் கேள்வி–பதில்: கைக்குழந்தையோடு முதல் முறை கேஷுவால்டிக்கு (ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு)

முதல் பிள்ளை, முதல் காய்ச்சல், நடு இரவில் ஆஸ்பத்திரி ஓட்டம். தென்னாப்பிரிக்காவில் சாட்ஸ்வொர்த்திலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் வரை வாசகர்கள் இதைப் பற்றிக் கேட்டவற்றை இந்த இதழில் சேர்த்துத் தருகிறோம். பதில் எழுதியிருப்பவர்கள், குழந்தை மருத்துவமும் செவிலியமும் பார்க்கும் நம் குழுவினர்.

கேள்வி: எங்கள் மகளுக்கு ஐந்து வாரம். ஒரு சாயங்காலம் உடம்பு சுட்டது, 38.3 டிகிரி செல்சியஸ் காட்டியது. பால் குடித்தாள், சளிகூட இல்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள், சிறுநீர் எடுக்கக் குழாய் விட்டார்கள், முதுகிலும் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். மூன்றாம் நாள் “ஒன்றும் இல்லை” என்று அனுப்பிவிட்டார்கள். ஒன்றும் இல்லாத பிள்ளையை ஏன் அப்படிக் குத்தினார்கள்? முதுகில் குத்தினால் கால் விளங்காமல் போகும் என்று மாமியார் சொல்கிறார். எனக்குத் தூக்கமே இல்லை.
— ஒரு தாய், சாட்ஸ்வொர்த்

பதில்: கால் விளங்காமல் போகாது, அம்மா. முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். பச்சைக் குழந்தைக்குத் தண்டுவடம் முதுகெலும்பின் இடுப்புப் பகுதியில் மூன்றாவது கணு அளவில் முடிந்துவிடும். ஊசி போடுவது அதற்கும் கீழே, மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில், அல்லது நான்குக்கும் ஐந்துக்கும் நடுவில். அந்த இடத்தில் தண்டுவடம் கிடையாது. நூல் நூலாக நரம்புகள் நீரில் மிதந்துகொண்டிருக்கும். ஊசி பட்டால் நழுவி விலகும். எடுப்பது 1 அல்லது 2 மில்லி, அதாவது இருபது முதல் நாற்பது துளி. சில மணி நேரத்தில் உடம்பு அதை மறுபடி ஊற வைத்துவிடும்.

ஏன் குத்தினார்கள் என்பது நியாயமான கேள்வி. ஐந்து வயதுப் பிள்ளைக்கு மூளைக்காய்ச்சல் வந்தால் கழுத்து விறைக்கும், தலை வலிக்கிறது என்று சொல்லும். ஐந்து வாரப் பிள்ளைக்குப் பெரும்பாலும் கழுத்து விறைக்காது. பால் குடித்துக்கொண்டே இருக்கும். சில மணி நேரத்தில் துவண்டுவிடும். ரத்தத்தில், சிறுநீரில், முதுகில் எடுக்கும் மூளை நீரில் எங்கே கிருமி இருக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல எந்த மருத்துவராலும் முடியாது. அதனால்தான் மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 38 டிகிரி வந்தால் மற்றபடி நன்றாக இருந்தாலும் ஆஸ்பத்திரி என்பது விதி. இரண்டு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு அக்குளில் 37.5 காட்டினாலே அன்றைக்கே காட்டிவிட வேண்டும். உடம்பு 35.5க்குக் கீழே குளிர்ந்து போவதும் அதே அளவு ஆபத்து. பச்சைக் குழந்தைக்குக் கிருமி ஏறினால் சில சமயம் காய்ச்சலுக்குப் பதில் குளிர்ச்சிதான் வரும். 2017–18இல் இந்த நாட்டில் உணவு வழியாகப் பரவிய லிஸ்டீரியா கிருமி நோயில் அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் பிறந்து ஒரு மாதம் ஆகாத குழந்தைகளே.

சிறுநீரைக் குழாய் விட்டு எடுத்ததற்கும் காரணம் உண்டு. பையை ஒட்டி எடுத்தால் தோலில் உள்ள கிருமியும் சேர்ந்து விழும். இல்லாத நோய் இருப்பதுபோலத் தெரியும். மூன்று நாள் வைத்திருந்தது ரத்தத்திலும் மூளை நீரிலும் கிருமி வளர்கிறதா என்று பார்க்க. கிருமி இருந்தால் பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் முளைத்துவிடும். அதுவரை காத்திருக்க முடியாது என்பதால் கிருமிக்கொல்லி மருந்தை (ஆன்டிபயாடிக்) ட்ரிப்பில் முன்கூட்டியே தொடங்குகிறார்கள். “ஒன்றும் இல்லை” என்று சொன்னது, 48 மணி நேரம் பார்த்தும் கிருமி முளைக்கவில்லை என்ற அர்த்தத்தில். வீணாகக் குத்தவில்லை.

இதில் தவறு நேரும் இடங்களையும் தெரிந்துகொள்ளுங்கள். பிள்ளை அசைந்தால் ஊசி சின்ன ரத்தக்குழாயில் பட்டு நீரோடு ரத்தம் கலக்கும். பிறகு வெள்ளணுக்களை எண்ணிச் சொல்வது கஷ்டம். மறுபடி எடுக்க வேண்டி வரலாம். அதற்காகத்தான் சிஸ்டர் பிள்ளையைச் சுருட்டி இறுக்கிப் பிடிக்கிறார். பார்க்க மனசு பொறுக்காவிட்டால் வெளியே நிற்பதில் தவறில்லை. உள்ளே நிற்க விரும்பினால் கேளுங்கள், தலைமாட்டில் நின்று பேசிக்கொண்டிருக்கலாம். இன்னொன்று: அதற்கு முன் வெளி டாக்டர் ஏதாவது கிருமிக்கொல்லி கொடுத்திருந்தால் கட்டாயம் சொல்லிவிடுங்கள். ஒரே ஒரு வேளை மருந்து கொடுத்திருந்தாலும் கிருமி முளைக்காமல் மறைந்து, முடிவு தவறாகலாம்.

கேள்வி: எட்டு மாத மகனுக்கு இருமல், மூச்சிரைப்பு. கேஷுவால்டியில் கோப்பு திறக்கவே நாற்பது நிமிடம் வரிசையில் நின்றோம். எங்களுக்குப் பின்னால் வந்தவர்களை முன்னால் கூப்பிட்டார்கள். கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று வாயைத் திறக்கவில்லை. கடைசியில் ஆக்சிஜன் மட்டும்தான் கொடுத்தார்கள், மருந்தே இல்லை. இது சரியா?
— ஒரு தகப்பன், ஃபீனிக்ஸ்

பதில்: தம்பி, மூச்சிரைக்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கோப்பு வரிசையில் நிற்காதீர்கள். ஒருவர் வரிசையில் நிற்கட்டும். மற்றவர் பிள்ளையோடு நேராக, நோயாளிகளைத் தரம் பிரிக்கும் சிஸ்டரிடம் போங்கள். அவர் நான்கு நிறத்தில் ஒன்று கொடுப்பார். சிவப்பு என்றால் அந்த நிமிடமே. ஆரஞ்சு 10 நிமிடத்துக்குள், மஞ்சள் ஒரு மணி நேரத்துக்குள், பச்சை நான்கு மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டும் என்பது இலக்கு. யார் முதலில் வந்தார்கள் என்பது கணக்கில்லை. கூட்டமான இரவில் மஞ்சளும் பச்சையும் இலக்கைத் தாண்டிப் போவது உண்டு. அதனால் கேட்க வேண்டியது, “எங்கள் பிள்ளைக்கு என்ன நிறம், சிஸ்டர்?” என்பதுதான். உட்கார்ந்திருக்கும்போது பிள்ளை மோசமானால் மறுபடி போய், “முன்னைவிட இப்போது மாறிவிட்டான், இன்னொரு தடவை பாருங்கள்” என்று சொல்லுங்கள். நிறம் மாற்றுவது நடைமுறையில் உள்ளதுதான். யாரும் கோபிக்க இடமில்லை.

“மூச்சிரைக்குது” என்று மட்டும் சொன்னால் அது எதையும் குறிக்கலாம். எண்ணிச் சொல்லுங்கள். பிள்ளை அழாமல் இருக்கும்போது சட்டையை மேலே தூக்கி, வயிறு எழும்புவதை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். கால் நிமிடம் எண்ணிப் பெருக்காதீர்கள். குழந்தைகள் விட்டுவிட்டு மூச்சு விடுவார்கள். இரண்டு மாதத்துக்குக் கீழே 60, இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயதுவரை 50, அதற்கு மேல் ஐந்து வயதுவரை 40: அந்த எண்ணிக்கை அல்லது கூடுதல் என்றால் வேக மூச்சு. மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுவது, மூக்கு விரிவது, ஒவ்வொரு மூச்சுக்கும் முனகுவது, நாக்கு நீலம் பாய்வது ஆகியவை எண்ணிக்கைக்குக் காத்திராத அடையாளங்கள். செல்போனில் அரை நிமிடம் நெஞ்சைப் படம் பிடித்து வையுங்கள். வீட்டில் குழி விழுந்த நெஞ்சு, ஆஸ்பத்திரி போய்ச் சேரும்போது தூக்கத்தில் சரியாக இருப்பதும் நடக்கிறது.

மருந்து கொடுக்காதது பற்றி: ஒரு வயதுக்குள் சளியில் தொடங்கி மூச்சிரைப்பாக முற்றுவது பெரும்பாலும் வைரஸால் வரும் சின்ன மூச்சுக்குழாய் வீக்கம். கிருமிக்கொல்லி அதில் வேலை செய்யாது. நெபுலைசரும் இந்த வயதில் அதிகம் உதவாது. ஆக்சிஜன், மூக்கைச் சுத்தம் செய்தல், கொஞ்சம் கொஞ்சமாகப் பால் இவைதான் வைத்தியம். மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள்வரை உச்சத்துக்குப் போய்ப் பிறகு இறங்கும். ஆகையால் இரண்டாம் நாள் “பரவாயில்லை” என்று வீட்டுக்கு அனுப்பினால் நான்காம் நாளைக் கவனமாகப் பாருங்கள். ரத்தத்தில் ஆக்சிஜனை அளக்கக் காலில் மாட்டும் சிவப்பு விளக்குக் கருவி அடிக்கடி கத்துவதைக் கண்டும் கலங்க வேண்டாம். கால் குளிர்ந்திருந்தாலோ பிள்ளை உதைத்தாலோ அது தவறாகக் காட்டும். சிஸ்டர் வந்து காலைத் தேய்த்து மறுபடி மாட்டுவார்.

கேள்வி: பேரனுக்குச் சளி என்றால் சூடத்தைத் தேங்காயெண்ணெயில் காய்ச்சி நெஞ்சில் தடவுவோம், ஆவி பிடிப்போம், வசம்பு உரைத்து நாக்கில் வைப்போம். டாக்டரிடம் சொன்னால் திட்டுவார் என்று மருமகள் மறைக்கச் சொல்கிறாள்.
— ஒரு ஆயா, டொங்காட்

பதில்: மறைக்காதீர்கள், அம்மா. பிள்ளைக்கு என்ன கொடுத்தோம், எத்தனை மணிக்கு, எவ்வளவு என்பது டாக்டருக்குக் கண் மாதிரி. கைவைத்தியத்தில் அன்பு இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் சூடத்தை மட்டும் கைக்குழந்தை கிட்டே கொண்டுபோகாதீர்கள். அது தோல் வழியாகவும் ஏறும். கொஞ்சம் வாய்க்குள் போனாலே சில நிமிடங்களில் வலிப்பு வரும். சாமி மாடத்தில் கைக்கெட்டும் இடத்தில் சூடக் கட்டி இருந்தால் இன்றைக்கே மேலே தூக்கி வையுங்கள். கொதிநீர்ச் சட்டியை வைத்து ஆவி பிடிப்பதில் சளி கரைவதைவிடச் சட்டி கவிழ்ந்து வெந்து போவதுதான் அதிகம். வசம்பும் வேண்டாம். ஆவிக்குப் பதிலாக, பால் கொடுக்கும் முன் ஒவ்வொரு மூக்கிலும் இரண்டு சொட்டு உப்புநீர்ச் சொட்டு மருந்து விடுங்கள்; மூக்கு திறந்தால் பிள்ளை பால் இழுக்கும்.

கேள்வி: பத்து மாதப் பிள்ளைக்கு வாந்தியும் பேதியும். எப்போது வீட்டில் பார்க்கலாம், எப்போது ஓட வேண்டும்?
— ஒரு தாய், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: நாப்பியைப் பாருங்கள். எட்டு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை என்றால் கிளம்பிவிடுங்கள். தண்ணீர் போன்ற பேதியை நாப்பி உறிஞ்சிக்கொண்டால் சிறுநீர் மாதிரியே தெரியும், அதில் ஏமாறாதீர்கள். சந்தேகமாக இருந்தால் உள்ளே ஒரு பஞ்சுத் துண்டை வைத்துப் பாருங்கள். கண் குழி விழுந்தது, உச்சிக் குழி அமுங்கியது, அழுதால் கண்ணீர் இல்லை, குடித்ததெல்லாம் வெளியே வருகிறது, எழுப்பினால் எழவில்லை என்றாலும் அப்படியே. வாந்தி பச்சை நிறமாக வந்தால் குடல் முறுக்கியிருக்கலாம். அதற்கு ஒரு மணி நேரம்கூட வீட்டில் வைக்கக்கூடாது. விட்டுவிட்டு வீறிட்டு அழுது, மலத்தில் ஜாம் மாதிரி ரத்தச் சளி வந்தாலும் அதே அவசரம்.

அதுவரையும், வழியிலும் கொடுக்க: கொதித்து ஆறிய தண்ணீர் 1 லிட்டர், சர்க்கரை தட்டையாக வழித்த 8 டீஸ்பூன், உப்பு வழித்த அரை டீஸ்பூன். டீஸ்பூன் என்றால் 5 மில்லி. உப்பு கூடினால் ரத்தத்தில் உப்பேறி வலிப்பு வரும். சர்க்கரை கூடினால் குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் பேதியை அதிகமாக்கும். அதனால் கண் அளவு வேண்டாம். ஒவ்வொரு பேதிக்கும் பிறகு 50 முதல் 100 மில்லி, கப்பில் சிறுசிறு வாயாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, பிறகு இன்னும் மெதுவாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். ரூய்போஸ் தேநீரும் குளிர்பானமும் இதற்கு ஈடாகாது. 24 மணி நேரம் ஆனதும் மீதியைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள்.

ஆஸ்பத்திரியில் ட்ரிப் போட நரம்பு (ரத்தக்குழாய்) கிடைக்காமல் இரண்டு மூன்று இடம் குத்துவார்கள். நீர் வற்றிய பிள்ளைக்கு நரம்பு சுருங்கிப் போயிருக்கும், கொழுகொழு கையில் தெரியவும் தெரியாது. தலையில் போட்டால் மூளைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தோலுக்கு அடியில் உள்ள ரத்தக்குழாய் அது. பல தடவை தவறினால் மூத்த டாக்டரை அழைக்கச் சொல்லிக் கேட்கலாம். போட்ட பிறகு அந்த இடம் வீங்கினாலோ இறுகினாலோ குளிர்ந்தாலோ நீர் வெளியே கசிகிறது என்று அர்த்தம், உடனே சிஸ்டரைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: காய்ச்சலில் வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்து கொடுக்கலாமா?
— டர்பன் வாசகர்

பதில்: வேண்டாம். வாயிலும் எதையும் திணிக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். பெரும்பாலும் ஐந்து நிமிடத்துக்குள் தானே நிற்கும். நிற்காவிட்டால் ஆம்புலன்ஸுக்கு 10177, செல்போனில் 112. முதல் தடவை என்றால் நின்ற பிறகும் ஆஸ்பத்திரிதான். ஆறு மாதத்துக்குள் வந்த வலிப்பைக் காய்ச்சல் வலிப்பு என்று ஒதுக்கவே கூடாது.

கேள்வி: மெடிக்கல் எய்டு (மருத்துவக் காப்பீடு) நின்றுபோய்விட்டது. பிறப்புச் சான்றிதழும் இன்னும் வரவில்லை. சேர்ப்பார்களா?
— ஒரு தாய், வெருலம்

பதில்: சேர்க்க வேண்டும். மெடிக்கல் எய்டு இல்லாத ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அரசு ஆஸ்பத்திரியில் 1994 முதல் கட்டணம் கிடையாது. அவசர சிகிச்சையை யாருக்கும் மறுக்கக்கூடாது என்று அரசியல் சட்டத்தின் 27(3) பிரிவு சொல்கிறது. தனியார் ஆஸ்பத்திரிக்கும் அது பொருந்தும். எடுத்துப்போக வேண்டிய முக்கியமான தாள் ரோடு டு ஹெல்த் புத்தகம். எடையும் தடுப்பூசியும் அதில்தான் இருக்கின்றன. எடை தெரியாமல் மருந்தின் அளவைக் கணக்கிட முடியாது. காரில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு போகாதீர்கள், குழந்தை இருக்கையில் கட்டுங்கள்.

கேள்வி: வீட்டுக்கு வந்த பிறகும் இரவெல்லாம் மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். காய்ச்சல் திரும்பினால் என்ன செய்வது?
— ஆறு மாதக் குழந்தையின் தாய், சாட்ஸ்வொர்த்

பதில்: அந்தப் பயம் பெரும்பாலானவர்களுக்குச் சில நாட்களில் தணியும். கணவரோ அம்மாவோ பாதி இரவை ஏற்றுக்கொள்ள, நீங்கள் இன்னொரு அறையில் நான்கு மணி நேரம் தொடர்ந்து தூங்குங்கள். இரண்டு வாரம் கழித்தும் தூக்கமும் பசியும் திரும்பாமல் அழுகை வந்துகொண்டே இருந்தால், அதையும் கிளினிக் சிஸ்டரிடம் சொல்லுங்கள். அதற்கும் வைத்தியம் உண்டு.

காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் எடைக்குக் கணக்கு: கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், ஆறு மணிக்கு ஒரு தடவை, நாளுக்கு நான்கு தடவைக்கு மேல் இல்லை. 7 கிலோ பிள்ளைக்கு, 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் 3 முதல் 4 மில்லி. சொட்டு மருந்தின் வீரியம் வேறு, லேபிளைப் படித்துவிட்டு ஊற்றுங்கள். சமையல் கரண்டி வேண்டாம், மருந்து சிரிஞ்சால் அளந்து கொடுங்கள். ஆஸ்பிரின் கூடவே கூடாது. கொடுத்த நேரத்தை ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டுங்கள். ஆயா ஒரு தடவை, அம்மா ஒரு தடவை என்று இரட்டிப்பாகிப் போவது இங்கேதான். மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால் அந்தத் தாளையும் புத்தகத்துக்குள் வைத்து எடுத்துப்போங்கள்.