மெஷினில் ஒரு பெயர், பின்னால் வேறு முதலாளி: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: ஹட்டனில் தச்சு வேலை செய்கிறேன். என் பழைய ஹிட்டாச்சி கிரைண்டருக்குக் கார்பன் பிரஷ் தேடிப் போனேன். ஒரு கடையில் "ஹிட்டாச்சி இப்போது வருவதில்லை, ஹைகோக்கிதான்" என்றார்கள். பக்கத்துக் கடையில் புத்தம் புது ஹிட்டாச்சி கிரைண்டரையே பெட்டியோடு எடுத்து வைத்தார்கள், விலையும் குறைவு. யாரை நம்புவது?

பதில்: முதல் கடைக்காரரை. ஹிட்டாச்சி என்ற பெரிய குழுமத்தில் மின்கருவி செய்த கம்பனி ஹிட்டாச்சி கோக்கி. அதில் தன் கையிலிருந்த பங்குகளைக் குழுமம் 2017இல் கே.கே.ஆர் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. விற்றபின் பழைய பெயரைத் தொடர்ந்து போட முடியாதல்லவா? 2018 ஜூனில் கம்பனி கோக்கி ஹோல்டிங்ஸ் ஆனது. அதே ஆண்டு ஒக்டோபரில் கருவிகளின் பெயர் ஹைகோக்கி என்று மாறியது. வட அமெரிக்காவில் மட்டும் அதே கருவிகள் மெட்டாபோ எச்பிடி என்ற பெயரில் விற்பனையாகின்றன, ஏனென்றால் மெட்டாபோ என்ற ஜெர்மன் கம்பனியையும் அவர்கள் அதற்கு முன்பே வாங்கியிருந்தார்கள். முதலாளியும் பெயரும் மாறினாலும் பச்சை நிறமும் பல மாடல்களின் இலக்கங்களும் அப்படியே இருக்கின்றன. ஆகவே உங்கள் பிரஷுக்குக் கவலை வேண்டாம். கிரைண்டரின் பக்கத்து மூடியைக் கழற்றி, தேய்ந்த பிரஷையே கையில் எடுத்துக்கொண்டு போங்கள். அதில் பொறித்த இலக்கத்தையும் மெஷின் தகட்டிலுள்ள மாடலையும் காட்டினால், ஹைகோக்கி உதிரிப்பாகம் விற்பவரிடமே கேட்கலாம். "கிட்டத்தட்ட சைஸ்தான், கொஞ்சம் அரத்தால் தேய்த்துப் போடுங்கள்" என்று எவராவது சொன்னால் வாங்காதீர்கள். பிரஷ் கூட்டுக்குள் ஆடினால் பொறி பறக்கும், அப்புறம் மோட்டாருக்குள் சுற்றும் பாகமான ஆமச்சரையே மாற்ற வேண்டி வரும்.

இனி அந்தப் புத்தம் புது ஹிட்டாச்சி. இத்தனை ஆண்டுகள் கழித்து அந்தப் பெயரில் புதுக் கிரைண்டர் வந்தால் அது பழைய இருப்பாக இருக்கலாம், இல்லாவிட்டால் போலி. பழைய இருப்பு ஒன்றும் பாவமில்லை. ஆனால் நம்மூர் ஈரத்தில் பல வருடம் பெட்டிக்குள் கிடந்த மெஷினில் கியர் கிரீஸ் இறுகியிருக்கும், வயரின் ரப்பர் விறைத்திருக்கும். அதற்கு முழு விலை கொடுக்கலாமா என்று யோசியுங்கள். போலியா இல்லையா என்று பார்க்க நான் சொல்லும் வழி ஒன்றுதான்: பில்லில் பிராண்ட், மாடல், சீரியல் இலக்கம் மூன்றையும் எழுதித் தரச் சொல்லுங்கள். நேர்மையான கடைக்காரர் எழுதித் தருவார். மற்றவர் "அதெல்லாம் எதற்கு, நாங்கள் இங்கேதானே இருக்கிறோம்" என்று சிரிப்பார். கேட்டால் பற்றுச்சீட்டு கொடுக்க வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டமே சொல்கிறது. தர மறுத்தால் அந்த அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடுங்கள்.

கேள்வி: டிவால்ட், பிளாக் அண்ட் டெக்கர், ஸ்டான்லி மூன்றும் ஒரே கம்பனியாமே? அப்படியானால் விலை குறைந்ததை வாங்கினால் என்ன? — பண்டாரவளை

பதில்: ஒரே கம்பனிதான். ஆனால் நீங்கள் வந்து சேர்ந்த முடிவு தவறு.

கதை கொஞ்சம் நீளம். பிளாக் அண்ட் டெக்கரை 1910இல் அமெரிக்காவின் பால்ட்டிமோரில் இரண்டு பேர் தொடங்கினார்கள். துப்பாக்கிப் பிடியும் விசையும் வைத்த கை ட்ரில்லை உலகத்துக்குக் கொடுத்தவர்கள் அவர்கள்தான். இன்று நம் பாஸ்மார் (கைத்தொழில்காரர்கள்) பிடிக்கும் ஒவ்வொரு ட்ரில்லிலும் அந்த உருவம் இருக்கிறது. டிவால்ட் 1924இல் பென்சில்வேனியாவில் மரம் அறுக்கும் மெஷினுக்காகத் தொடங்கிய தனிக் கம்பனி. கைமாறிக் கைமாறி 1960இல் பிளாக் அண்ட் டெக்கரிடம் வந்தது. பிறகு ஒரு சிக்கல் வந்தது. பிளாக் அண்ட் டெக்கர் என்றாலே டோஸ்டரும் வீட்டு ட்ரில்லும்தான் ஞாபகம் வரும் என்ற நிலை. கட்டட வேலைக்காரர்கள் ஜப்பானின் மக்கீட்டாவின் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். 1992இல் கம்பனி கையிலிருந்த டிவால்ட் பெயரைத் தூசி தட்டி எடுத்து, மஞ்சள் நிறம் பூசி, தொழில்காரர்களுக்கென்றே தனியாக இறக்கியது. அது பிடித்துக்கொண்டது. 2010இல் ஸ்டான்லி பிளாக் அண்ட் டெக்கரோடு இணைந்தது. 2017இல் கிராஃப்ட்ஸ்மன் என்ற கருவிப் பெயரையும் சியர்ஸ் என்ற அமெரிக்கக் கடைக் கம்பனியிடமிருந்து வாங்கிக்கொண்டது.

ஆக, முதலாளி ஒருவராக இருப்பதே விலைக்கு ஏற்றபடி சரக்கைப் பிரித்து வைக்கத்தான். வருடத்துக்கு இரண்டு தடவை அலுமாரிக்குத் துளை போடுகிறவருக்கு டிவால்ட் காசு வீண். நாள் முழுக்கக் கொங்கிரீட்டில் துளை போடும் வயரிங் பாஸுக்குப் பிளாக் அண்ட் டெக்கர் தாங்காது. ஒரே தோட்டத்துத் தேயிலையில் உயர்ந்த ரகமான பி.ஓ.பியும் வரும், தூளான டஸ்ட்டும் வரும், அதுபோலத்தான் இதுவும்.

கேள்வி: கட்டாரிலிருக்கும் மச்சான் மில்வாக்கி ட்ரில் ஒன்று அனுப்பப் போகிறார். என்னிடம் ரியோபி பட்டரி இருக்கிறது. இரண்டும் ஒரே கம்பனி என்பதால் பட்டரி பொருந்துமா? — தலவாக்கலை

பதில்: பொருந்தாது. மில்வாக்கியை 2005இல் ஹொங்கொங்கின் டி.டி.ஐ என்ற கம்பனி வாங்கியது. அதற்கு முன் அது சுவீடனின் அட்லஸ் கொப்கோ கையில் இருந்தது. ரியோபி பெயரில் மின்கருவி விற்பதும் டி.டி.ஐதான். ஜப்பானிலுள்ள ரியோபி கம்பனி வார்ப்பு வேலை செய்யும் வேறு ஆள். ஒரே வீட்டில் இருந்தாலும் இரண்டு பிராண்டின் பட்டரியும் வேறு வேறு, அது வேண்டுமென்றே செய்தது. ட்ரில்லோடு இரண்டு பட்டரியும் சார்ஜரும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். கட்டாரில் வாங்கும் சார்ஜர் நம் 230 வோல்ட்டுக்குச் சரி. ஆனால் பழுதானால் இங்கே யார் பார்ப்பார் என்று முதலில் விசாரியுங்கள். பார்க்க ஆள் இல்லையென்றால் மச்சானிடம் வேறு ஏதாவது கேளுங்கள், சத்தியமாக.

கேள்வி: மக்கீட்டாவையும் சீனாக்காரர் வாங்கிவிட்டாராமே? என் தம்பி வாங்கிய மெஷினில் "சீனாவில் செய்யப்பட்டது" என்று இருக்கிறது. ஜப்பானில் பாவித்த மக்கீட்டா பதுளையில் மலிவாகக் கிடைக்கிறது, அதை எடுக்கலாமா?

பதில்: மக்கீட்டாவை யாரும் வாங்கவில்லை. 1915இல் நகோயாவில் மோட்டார் திருத்தும் கடையாகத் தொடங்கியது, இன்றும் தனிக் கம்பனிதான். மாறாக அதுவே 1991இல் டொல்மார் என்ற ஜெர்மன் செயின்சோ கம்பனியை வாங்கியது. மக்கீட்டாவுக்குச் சீனா, ருமேனியா, தாய்லாந்து எல்லா இடத்திலும் சொந்த ஆலை உண்டு. சீன ஆலையில் செய்ததால் அது போலியாகிவிடாது.

பாவித்த ஜப்பான் மெஷின் விஷயத்தில்தான் நிதானம் வேண்டும். தகட்டைத் துடைத்துவிட்டு வோல்ட் பாருங்கள். ஜப்பானில் 100 வோல்ட். அதை நேரே நம் சுவர் பிளக்கில் போட்டால் ஒரு நிமிடம் பேய் வேகத்தில் சுற்றும், அப்புறம் புகை. டிரான்ஸ்போமர் வைத்துப் பாவிக்கலாம், ஆனால் கிரைண்டரின் வாட்டுக்கு ஏற்ற டிரான்ஸ்போமர் பெரியது, கனமானது. லயத்துக்கு லயம் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போகிறவருக்கு அது சரிவராது. பட்டறையில் ஒரே இடத்தில் நின்று வேலை செய்கிறவர் என்றால், டிரான்ஸ்போமர் விலையையும் கூட்டிப் பார்த்துவிட்டு எடுங்கள்.

கேள்வி: தோட்டத்தில் கருப்பந்தைல (யூகலிப்டஸ்) மரம் அறுக்க செயின்சோ வாங்க வேண்டும். ஹஸ்க்வர்னாவும் எலக்ட்ரோலக்ஸும் ஒன்றா? — மஸ்கெலியா

பதில்: ஒரு காலத்தில் ஒன்றாக இருந்தன. 1978இல் ஹஸ்க்வர்னாவை எலக்ட்ரோலக்ஸ் வாங்கியது, 2006இல் அது மறுபடி தனியே பிரிந்தது. ஸ்டீல் (Stihl) என்ற ஜெர்மன் செயின்சோ கம்பனி இன்னும் தொடங்கிய குடும்பத்தின் கையிலேயே இருக்கிறது. எதை எடுத்தாலும் சரி, காசு கொடுப்பதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள்: அந்த மாடலுக்கு ஒரு செயினும் ஒரு எயார் ஃபில்டரும் அதே கடையில் கேட்டுப் பாருங்கள். "கொழும்பிலிருந்து வரவழைக்க வேண்டும்" என்றால் எத்தனை நாளாகும் என்று கேட்டு, அதையும் வைத்து முடிவெடுங்கள்.