புதிதாக வாங்கிய விலையுயர்ந்த மடக்குக்கத்தியின் (டைட்டானியம் கைப்பிடி, பிரேம் லாக்) பூட்டு சில நேரம் இறுகிக்கொள்கிறது, சில நேரம் நழுவுகிறது. நானே அரத்தால் ராவிச் சரிசெய்யலாமா?

வேண்டாம். அரத்தைக் கீழே வைத்துவிட்டு மேலே படியுங்கள். ராவிய உலோகத்தைத் திரும்ப ஒட்ட முடியாது, மாற்றித் தரச் சொல்லிக் கேட்கும் உரிமையும் அத்தோடு போய்விடும்.

டைட்டானியம் கைப்பிடி, பிரேம் லாக் என்று எழுதியிருக்கிறீர்கள். என்னுடையதும் அதே வகைதான். இரண்டு வருடத்துக்கு முன்பு மச்சான் அமெரிக்காவிலிருந்து வந்தபோது செக்-இன் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார். 260 டாலர். பல வருட ஆசை. அன்று ராத்திரியே வேகமாகத் தட்டித் திறந்தேன். 'டக்' என்று ஒரு சத்தம், மனசு நிறைந்துவிட்டது. மூடப் போனால், கட்டைவிரல் நகம் வெளுக்கும்வரை அழுத்தியும் பூட்டு அசையவில்லை.

இந்தப் பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். கைப்பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகடு அலகைத் தாங்கிப் பிடிக்கும் பூட்டுக்கு லைனர் லாக் என்று பெயர். 1980களில் கத்தி செய்பவரான மைக்கேல் வாக்கர் மேம்படுத்திய அதன் அடுத்த கட்டமாக, இன்னொரு கத்திக் கலைஞரான கிறிஸ் ரீவ் கொண்டுவந்தது இந்த பிரேம் லாக். கைப்பிடியின் ஒரு பக்கத் தகட்டிலேயே நீளவாக்கில் வெட்டு விட்டு, அந்தப் பட்டையை உள்பக்கமாக வளைத்திருப்பார்கள். கத்தி விரிந்ததும் பட்டை வில் மாதிரி உள்ளே நகர்ந்து, அலகின் அடிப்பகுதிக்குப் பின்னால் ஆப்பாக நின்றுகொள்ளும். அலகின் அந்த அடிமுகம் சுமார் 7, 8 டிகிரி சாய்வாக இருக்கும். சாய்வு குறைந்தால் ஆப்பு இறுகும், கூடினால் நழுவும். அதோடு டைட்டானியம் கடினப்படுத்திய எஃகைவிட மென்மையானது, உரசினால் பற்றிக்கொள்ளும் சுபாவம் வேறு. அதனால்தான் பல நிறுவனங்கள் பட்டையின் முனையில் சின்ன எஃகுத் துண்டு ஒன்றைப் பொருத்துகிறார்கள்.

இறுகுவது தொல்லை, அவ்வளவுதான். புதுக் கத்தியில் சகஜம். பட்டையின் முனையைத் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, பட்டை வந்து உட்காரும் இடத்தில் மெத்தென்ற பென்சிலைத் தேய்த்தேன். 4பி என்று கடையில் கேட்டால் கிடைக்கும். சில நாள் வேகமாகத் தட்டாமல் நிதானமாகத் திறந்து மூடினேன். இரண்டு வாரத்தில் கட்டைவிரலுக்கே அடங்கிவிட்டது. எண்ணெய் மட்டும் அங்கே விடாதீர்கள். எண்ணெய் போக வேண்டிய இடம் அலகு சுழலும் அச்சுதான்.

பென்சிலில் காட்டிய அக்கறையை நழுவுவதில் காட்டாமல் விட்டேன். அது என் தப்பு. மெதுவாகத் திறக்கும்போது பட்டை ஓரத்தில் மட்டும் தொட்டு நின்றதைக் கவனிக்கவே இல்லை. ஒரு நாள் நைலான் கயிற்றை அறுக்கும்போது அலகு நடுவில் சிக்கியது. விரல்நுனியில் பிடித்தபடி பின்னால் இழுத்தேன், கத்தி மடிந்துவிட்டது. ஆள்காட்டி விரலின் நடுக்கணுவில் ஒரு நெல் நீளத்துக்கு வெட்டு. தையல் போடுகிற அளவுக்கு இல்லை, ஆனால் கை நடுங்கிவிட்டது.

அப்புறம்தான் ஒழுங்காகச் சோதித்தேன். முதலில் பென்சில் கரியை முழுக்கத் துடைத்தேன், வழுக்கலுக்கு அது காரணமாக இருக்கக் கூடாதே என்று. கத்தியை மெதுவாக விரித்து, மடியும் பாதையில் விரல் எதுவும் இல்லாதபடி கைப்பிடியை இரண்டு பக்க ஓரத்திலும் பிடித்து, அலகின் முதுகை மேசை விளிம்பில் அழுத்தினேன். பூட்டுப் பட்டையின் மேல் கை படக் கூடாது, பட்டால் நம் பிடியே அதை உள்ளே தள்ளிப் பூட்டைக் காப்பாற்றிவிடும். ஓங்கி அடிக்கவும் வேண்டாம், நல்ல பூட்டையும் அது கெடுக்கும். பத்து முறையில் மூன்று முறை நழுவியது. அடுத்து அலகின் அடிமுகத்தில் கறுப்பு மார்க்கர் தடவி இருபது தடவை திறந்து மூடினேன். அச்சிலிருந்து தள்ளி, கீழ்ப்பக்கத்தில் மை தேய்ந்திருக்க வேண்டும். எனக்கோ மேல் மூலையில் மட்டும் கடுகளவு பளபளத்தது.

உங்களுக்கும் இறுக்கமும் நழுவலும் சேர்ந்தே இருப்பதால், இரண்டும் ஒரே கோளாறாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். முகம் சரியாகப் பொருந்தாவிட்டால் வேகமாகத் திறக்கையில் ஆப்பு ஆழமாய்ப் போய் இறுகும், மெதுவாகத் திறக்கையில் ஓரத்தில் நின்று நழுவும். அலகு பக்கவாட்டில் ஆடினால் அது வேறு கதை, அச்சுத் திருகைக் கொஞ்சம் முடுக்கினால் போதும். நழுவுகிற பூட்டை நாம் வீட்டில் சரிசெய்யக் கூடாது.

விற்றவருக்கு மேசைச் சோதனையின் வீடியோவை அனுப்பினேன். "கழற்றினீர்களா, சாணை பிடித்தீர்களா?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. இரண்டும் செய்யாததால் மாற்றித் தர ஒப்புக்கொண்டார். மச்சான் ஊர் திரும்பும்போது கத்தியையும் கொண்டுபோனார், புதியது கைக்கு வர ஏழு மாதம் ஆனது. வந்ததும் முதலில் மார்க்கரைத்தான் எடுத்தேன். கீழ்ப்பக்கத்தில், கோடு போட்ட மாதிரி மை தேய்ந்திருந்தது.

நீங்களும் இன்று மார்க்கர் சோதனையைச் செய்து, தேய்ந்த இடத்தைக் கிட்டத்தில் படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். அதுவரை அந்தக் கத்தியால் எதையும் அறுக்க வேண்டாம்.