பரிசு விகிதம் குறைந்த பிறகும் பிரீமியம் பாண்டுகளை வைத்திருக்கலாமா?

கேள்வி: லண்டனில் ஹாரோ பகுதியில் வசிக்கிறோம். என் பெயரில் 20,000 பவுண்டுக்குப் பிரீமியம் பாண்டுகள் (வட்டிக்குப் பதில் மாதக் குலுக்கலில் பரிசு தரும் அரசுச் சேமிப்புப் பத்திரங்கள்) உள்ளன. கடந்த பன்னிரண்டு மாதங்களில் எட்டு முறை பரிசு விழுந்தது. 100 பவுண்டு மூன்று முறை, 50 இரண்டு முறை, 25 மூன்று முறை. விகிதத்தைத் தொடர்ந்து குறைக்கிறார்கள் என்று செய்தியில் பார்க்கிறேன். இவ்வளவு காலம் காத்திருந்துவிட்டோம், பெரிய பரிசு இனிமேல்தான் வரும், எடுக்க வேண்டாம் என்கிறார் கணவர். நான் 20 சதவீத வரி செலுத்துபவள். வங்கி வட்டியாக ஆண்டுக்கு 60 பவுண்டு வருகிறது. ஐசா (வட்டிக்கு வரியில்லாத சேமிப்பு) கணக்கு இதுவரை தொடங்கவில்லை. பாண்டுகளை விற்றுவிடலாமா?

பதில்: உங்கள் நிலையில் பெரும்பகுதியை எடுத்து ஐசா கணக்கில் போடுவதே நல்லது என்பது என் கருத்து. விகிதம் குறைந்தது அதற்கு ஒரு காரணம் மட்டுமே. அதைவிட முக்கியமான காரணம் உங்கள் வரி நிலை.

முதலில் விகிதத்தைப் பார்ப்போம். பாண்டுகளை நடத்தும் அரசு நிறுவனமான என்.எஸ். அண்ட் ஐ. அறிவிக்கும் பரிசு விகிதம், ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் வட்டி அன்று. விற்றுள்ள பாண்டுகள் அனைத்துக்கும் சேர்த்து ஓராண்டில் பரிசாகப் பிரித்துத் தரும் மொத்தத் தொகையின் சராசரி. 2023 செப்டம்பரில் இது 4.65 சதவீதம் வரை ஏறியது. பிறகு 2024 மார்ச்சில் 4.40, 2025 ஜனவரியில் 4.00, ஏப்ரலில் 3.80, ஆகஸ்டில் 3.60 என்று படிப்படியாக இறங்கியது. ஒரு பவுண்டு பாண்டுக்கு ஒரு மாதத்தில் பரிசு விழும் வாய்ப்போ இதே காலத்தில் 21,000இல் ஒன்றிலிருந்து 22,000இல் ஒன்றாக மட்டுமே குறைந்தது.

இந்த இரண்டு எண்களையும் சேர்த்துக் கணக்கிட்டால், வெட்டு எங்கே விழுந்தது என்பது தெரிந்துவிடும். உங்கள் 20,000 பவுண்டுக்கு 2023 செப்டம்பர் நிலவரப்படி ஆண்டுக்குச் சராசரியாகப் பதினொன்றுக்குச் சற்று மேற்பட்ட பரிசுகளை எதிர்பார்க்கலாம், 2025 ஆகஸ்டின் 3.60 சதவீதத்திலும் அந்த எண்ணிக்கை பதினொன்றை ஒட்டியே நின்றது. ஆனால் ஒரு பரிசின் சராசரி மதிப்பு 81 பவுண்டிலிருந்து 66 பவுண்டாகிவிட்டது. ஆண்டு எதிர்பார்ப்பு 930 பவுண்டிலிருந்து 720 ஆக இறங்கியிருக்கிறது. பரிசு வந்ததாகத் தகவல் வழக்கம்போலவே வந்துகொண்டிருப்பதால், குறைந்துபோன 210 பவுண்டு பலருடைய கண்ணுக்குப் படுவதில்லை.

அந்த 720 பவுண்டும் எல்லோருக்கும் கிடைப்பதன்று. மாதந்தோறும் வழங்கும் இரண்டு பத்து லட்சம் பவுண்டு பரிசுகளும், ஒரு லட்சம், ஐம்பதாயிரம் போன்ற மற்றப் பெரிய பரிசுகளும் அந்தச் சராசரிக்குள்தான் அடங்கியிருக்கின்றன. அவை ஒருசிலருக்கே போவதால் மீதிப்பேரில் பெரும்பாலோர் சராசரிக்குக் கீழேதான் இருப்பார்கள். உங்களுக்கு வந்த எட்டுப் பரிசுகளின் கூட்டுத்தொகை 475 பவுண்டு, அதாவது 2.4 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. இது அரிதான துரதிர்ஷ்டம் இல்லை. உங்கள் அளவு பாண்டு வைத்திருப்பவருக்கு ஆண்டில் நான்கைந்து மாதங்கள் எதுவுமே விழாமல் போவதுகூட இயல்பானதே. பிரிட்டனின் பணவீக்கம் 2025 ஜூலையில் 3.8 சதவீதமாக இருந்ததோடு இதை ஒப்பிட்டால், உங்கள் பணத்தின் வாங்கும் சக்தி கரைந்திருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

கணவரின் வாதத்துக்குத் தெளிவாகப் பதில் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் நம்மவர்கள் பலர் இதே எண்ணத்தில்தான் பாண்டுகளை விடாமல் வைத்திருக்கிறார்கள். நம் ஊர்க் குலுக்குச் சீட்டில் ஒருமுறை எடுத்தவர் பெயர் அடுத்த குலுக்கலில் இருக்காது. ஆகவே காத்திருக்கக் காத்திருக்க நம் முறை நெருங்கும். 1957 ஜூன் முதல் பாண்டு எண்களைத் தேர்ந்தெடுத்துவரும் எர்னி என்ற இயந்திரத்துக்கு அப்படி எந்த நினைவும் கிடையாது. ஒவ்வொரு மாதமும் எல்லா எண்களுக்கும் சமமான புதிய வாய்ப்பு. பத்து ஆண்டுகள் வைத்திருந்த பாண்டுக்கும் இந்த மாதம் தகுதி பெற்ற பாண்டுக்கும் வேறுபாடு இல்லை. 13,000 கோடிக்கும் மேற்பட்ட பாண்டுகள் குலுக்கலில் இருப்பதால், 20,000 பவுண்டை ஓராண்டு முழுவதும் வைத்திருந்தாலும் பத்து லட்சம் விழும் வாய்ப்பு இரண்டரை லட்சத்தில் ஒன்றைவிடக் குறைவு. காத்திருந்த ஆண்டுகள் இதைக் கூட்டுவதில்லை.

இனி வரி. பரிசுத் தொகைக்கு பிரிட்டனில் வருமான வரி இல்லை என்பதே பாண்டுகளின் உண்மையான பலம். ஆனால் அது வரி கட்ட வேண்டியவருக்கே பயன்படும். 20 சதவீத வரி செலுத்துபவரின் சேமிப்பு வட்டியில் ஆண்டுக்கு 1,000 பவுண்டு வரை வரி கிடையாது. உங்கள் 20,000 பவுண்டை 4 சதவீதம் தரும் கணக்கில் போட்டால் 800 பவுண்டு வட்டி வரும். வங்கியில் வரும் 60ஐச் சேர்த்தாலும் 860தான். சாதாரணக் கணக்கிலேயே உங்களுக்கு வரி இல்லை என்னும்போது, வரிவிலக்குக்காகக் குறைந்த வருவாயை ஏற்க வேண்டிய தேவை என்ன?

40 சதவீத வரி செலுத்தி, 500 பவுண்டு வட்டி வரம்பையும் ஐசா வரம்பையும் முடித்துவிட்ட ஒருவர் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். அவருக்கு 2025 ஆகஸ்டின் வரியில்லாத 3.60 சதவீதம், வரிக்கு முந்தைய 6 சதவீதத்துக்குச் சமம். 45 சதவீத வரி செலுத்துபவருக்கு 6.5 சதவீதத்துக்கும் மேல். பாண்டுகளில் அனுமதிக்கப்படும் உச்ச வரம்பான 50,000 பவுண்டையும் போட்டிருந்தால் ஆண்டுக்கு இருபத்தேழு பரிசுகள் வரை எதிர்பார்க்கலாம் என்பதால் ஏற்ற இறக்கமும் ஓரளவு அடங்கும். மறுமுனையில், 1,000 பவுண்டு மட்டும் வைத்திருப்பவருக்கு ஓராண்டு முழுவதும் ஒரு பரிசும் விழாமல் போகும் வாய்ப்பே பாதிக்கு மேல்.

பாதுகாப்பு உங்களைத் தடுக்க வேண்டாம். பாண்டுகளுக்கு அரசுக் கருவூலமே முழுப் பொறுப்பு. வங்கிச் சேமிப்புக்கோ 2025 டிசம்பர் முதல் ஒரு வங்கிக் குழுமத்தில் ஒருவருக்கு 1,20,000 பவுண்டு வரை உத்தரவாதம் உண்டு. உங்கள் தொகைக்கு இரண்டும் ஒன்றே.

பாண்டுகளை ஐசாவுக்கு நேரடியாக மாற்ற முடியாது; விற்று, பணம் வங்கிக்கு வந்த பிறகு செலுத்த வேண்டும். இப்போது ஒரு வரி ஆண்டில் 20,000 பவுண்டு வரை ரொக்க ஐசாவில் போடலாம். 2027 ஏப்ரலிலிருந்து 65 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இது 12,000 ஆகக் குறைகிறது. அதே மாதத்தில் சேமிப்பு வட்டி மீதான வரியும் 20இலிருந்து 22 சதவீதமாகிறது. சம்பளம் கூடி நீங்கள் மேல் வரிப் படிநிலைக்குப் போனாலும் ஐசாவுக்குள் இருக்கும் பணத்தின் வட்டிக்கு வரி வராது. அந்த இடத்தை இப்போதே பிடித்துக்கொள்ளுங்கள்.

குலுக்கல் நாளை எதிர்பார்ப்பதில் கணவருக்கு மகிழ்ச்சி இருந்தால் ஓரிரண்டாயிரம் பவுண்டை அப்படியே விடுங்கள். அதை வருமானமாக மட்டும் எண்ணாதீர்கள். மீதியை எடுக்கும் நாளைக் கவனித்துத் தேர்ந்தெடுங்கள். விற்பதற்கு அபராதம் இல்லை, ஆனால் குலுக்கலுக்கு முன் எடுத்தால் அந்த மாத வாய்ப்பு போய்விடும். ஆகவே மாதத் தொடக்கத்தில் குலுக்கல் முடிந்ததும் எடுங்கள். மனம் மாறித் திரும்ப வாங்கினால் ஒரு முழு நாட்காட்டி மாதம் காத்திருக்க நேரும். மார்ச்சில் வாங்கிய பாண்டு மே மாதக் குலுக்கலில்தான் சேரும். இடைப்பட்ட நாட்களுக்கு வட்டியும் இல்லை, வாய்ப்பும் இல்லை.