ஆறு வருட இடைவெளிக்குப் பிறகு ஒரு பெண் எங்கள் குழுவில் சேர்கிறார். குழுத் தலைவராக, அவருக்குச் சிரமம் தராமல் நான் எப்படி உதவுவது?

'சிரமம் தராமல்' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு சொல்லுக்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். சிரமம் தாருங்கள். அவர் வேலைக்குத்தானே வருகிறார்.

பயிற்சி வீடியோக்களின் பட்டியல் ஒன்றை இந்நேரம் தயார் செய்து வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நல்ல மனதோடுதான் செய்திருப்பீர்கள், அதைக் குறை சொல்லவில்லை. எனக்கும் அப்படி ஒன்று கொடுத்தார்கள். 11 பாடங்கள், 6 வாரம். அந்த ஆறு வாரமும் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தேன். சுற்றி எல்லாரும் ஏதோ ஒரு பிரச்சினையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள், நான் அதில் இல்லை. ஏழாவது வாரம் குழுவில் சேர்த்துக்கொண்டபோது முதல் வாரம் பார்த்ததெல்லாம் பாதி மறந்துபோயிருந்தது.

என் கதையைச் சொல்லிவிடுகிறேன். 2011 கடைசியில் வேலையை விட்டேன். அப்போது ஏழரை வருட அனுபவம், எல்லாமே ஜாவா என்ற நிரல் மொழியில். மகள் பிறந்திருந்தாள். அவளுக்கு மூன்று வயதாகும்போது திரும்பிவிடலாம் என்று இருந்தேன். அந்த நேரத்தில் மாமியார் படுத்த படுக்கையானார். அப்படியே வருடங்கள் ஓடின. 2019ல் மறுபடியும் வேலைக்குப் போனேன். இடையில் எட்டு வருடம்.

வேலை தேடிய கதையை நீட்டி முழக்கப் போவதில்லை. நாற்பது இடங்களுக்கு மேல் விண்ணப்பித்தேன், நான்கு இடங்களில்தான் கூப்பிட்டார்கள். ஒருவர் என் விவரக்குறிப்பை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எட்டு வருஷமா வீட்ல சும்மாவா இருந்தீங்க?" என்று கேட்டார். மருந்து நேரம் தவறாமல் ஒரு நோயாளியை நாலரை வருடம் பார்த்துக்கொண்டவளுக்கு அந்த 'சும்மா' இன்னும் ஆறவில்லை. இப்போது லிங்க்ட்இன்னில் தொழில் இடைவெளியையும் அனுபவப் பகுதியிலேயே ஒரு பதிவாகப் போடலாம். அந்த வசதி 2022ல்தான் வந்தது. என் காலத்தில் அங்கே வெறும் ஓட்டைதான் தெரியும்.

சரி, வேலையில் சேர்ந்த பிறகு நடந்ததுதான் உங்களுக்கு வேண்டியது.

எட்டாவது வாரம் எனக்கு ஒரு சின்ன வேலை கொடுத்தார்கள். ஒரு அறிக்கையில் தேதி தப்பாக வருகிறது, சரி செய்ய வேண்டும். செய்து முடித்தேன். மறுநாள் காலைக் கூட்டத்தில், "முடிஞ்சுது, கமிட் பண்ணிட்டேன்" என்றேன். "ஒண்ணும் வரலையே" என்றார் தலைவர். "நேத்தே பண்ணிட்டேனே" என்றேன். மறுபடி தேடிப் பார்த்தார்கள், இல்லை. என் திரையில் இருக்கிறது, அவர்கள் திரையில் இல்லை. ஒன்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். யாரோ மைக்கைத் திறந்து ஏதோ சொல்ல வந்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டார்கள். "சரி, அப்புறம் பார்க்கலாம்" என்று அடுத்த ஆளுக்குப் போய்விட்டார் தலைவர். என் காது இரண்டும் சுட்டது.

நான் விட்டுப் போன காலத்தில், நிரலில் செய்யும் மாற்றங்களைச் சேமித்துப் பகிர நாங்கள் பயன்படுத்தியது சப்வெர்ஷன், சுருக்கமாக எஸ்விஎன். அதில் கமிட், அதாவது மாற்றத்தைப் பதிவு செய்வது, நேராகச் சர்வருக்குப் போய்விடும். இப்போது அந்த இடத்தில் இருக்கும் கிட்டில் கமிட் நம் கணினியிலேயே இருக்கும், தனியாகப் புஷ் செய்தால்தான் மற்றவர்கள் கண்ணில் படும். வீடியோவில் இதைச் சொல்லாமலா இருந்திருப்பார்கள்? சொல்லியிருப்பார்கள். ஏழு வருடம் கை பழகிய பழக்கம் ஒரு வீடியோவில் போய்விடாது.

அன்று மதியம் குழுவிலேயே சின்னவன், 24 வயதுப் பையன், நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தான். "அக்கா, ஒரு நிமிஷம்" என்று சொல்லி, அச்சடித்து வீணாய்ப் போன ஒரு தாளைத் திருப்பினான். நான்கு பெட்டிகள் வரைந்தான். நாம் திருத்தும் கோப்பு, கமிட்டுக்கு எடுத்து வைக்கும் ஸ்டேஜிங், நம் கணினியில் இருக்கும் களஞ்சியம், சர்வர். பெட்டிக்குப் பெட்டி அம்புக்குறி போட்டு ஆட், கமிட், புஷ் என்று எழுதினான். பிறகு நடுவில் இருந்த இரண்டு பெட்டிகளையும் பேனாவால் அடித்தான். "நீங்க எஸ்விஎன் யூஸ் பண்ணியிருப்பீங்கல்ல? அதுல இது ரெண்டும் கிடையாது. அதான் குழம்புது."

அவ்வளவுதான், ஐந்து நிமிடம். அன்றிலிருந்து எனக்குக் கிட்டில் குழப்பமே வரவில்லை என்று சொல்ல மாட்டேன், அதிலுள்ள ரீபேஸ் என்ற கட்டளை இன்னும் ஒரு மாதம் படுத்தியது. ஆனால் அந்தப் பையனுக்கு ஒரு விஷயம் புரிந்திருந்தது. வேறொன்று எனக்கு நன்றாகத் தெரிந்திருந்ததால்தான் நான் தடுமாறினேன். எதுவுமே தெரியாத புதுப் பட்டதாரிக்குச் சொல்வதுபோல அவன் ஆரம்பித்திருந்தால் எனக்கு ஏறியிருக்காது. எனக்குத் தெரிந்த இடத்திலிருந்து பிடித்தான்.

உங்களை முதலில் செய்யச் சொல்வது இதைத்தான். அவர் சேர்ந்த அன்றே ஒரு மணி நேரம் உட்காருங்கள். கடைசியாக எதில் வேலை செய்தார், எப்படிச் செய்தார் என்று கேளுங்கள். பக்கத்திலேயே இப்போது உங்கள் குழுவில் அதற்கு என்ன இருக்கிறது என்று எழுதுங்கள். என் கதையில் அந்தப் பட்டியல் இப்படி இருந்திருக்கும்: சப்வெர்ஷன் போய் கிட். ஜாவா நிரல்களுக்கான ஸ்பிரிங் என்ற கட்டமைப்பில் பக்கம் பக்கமாக எக்ஸ்எம்எல் அமைப்புக் கோப்பு எழுதியது போய், அதில் பெரும்பகுதியைத் தானே பார்த்துக்கொள்ளும் ஸ்பிரிங் பூட், அது 2014ல் வந்தது. நிரலைக் கட்டிய வார் கோப்பைச் சர்வரில் கொண்டுபோய் வைத்தது போய், நிரலை அதற்கு வேண்டியவற்றோடு ஒரே பொட்டலமாக்கும் டாக்கர், அது 2013. அதே 2014ல் ஜாவா 8 வந்து, சின்னச் செயல்பாடுகளைச் சுருக்கமாக எழுதும் லாம்டாவைக் கொண்டுவந்தது. இதெல்லாம் நான் போன பிறகு வந்தவைதான். ஆனால் எந்த வலிக்கு மருந்தாக வந்தன என்று எனக்குத் தெரியும். "என் கணினியில் ஓடுகிறது, சர்வரில் ஓடவில்லை" என்று இரவு இரண்டு மணி வரை உட்கார்ந்தவள் நான். டாக்கர் எதற்கு என்று எனக்கு யாரும் விளக்கவே வேண்டியதில்லை. எப்படி என்று காட்டினால் போதும்.

மாறாதவையும் நிறைய இருக்கின்றன. தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல்லுக்கு அடித்தளம் போட்ட எட்கர் காடின் கட்டுரை 1970ல் வந்தது. தேடலை வேகமாக்கும் இன்டெக்ஸ் இல்லாத பெரிய அட்டவணை அன்றும் மெதுவாகத்தான் ஓடியது, இன்றும் அப்படித்தான்.

சேர்ந்து ஐந்து மாதம் இருக்கும். ஆர்டர்களைக் காட்டும் பக்கம் திறக்க ஒன்பது நொடி ஆகிறது என்று புகார். எடுத்த தரவைச் சேமித்து வைக்கும் கேஷ் வைக்கலாமா, இன்னொரு சர்வர் சேர்க்கலாமா என்று இரண்டு நாள் பேச்சு நடந்தது. ஜாவாவைத் தரவுத்தளத்தோடு இணைக்கும் ஹைபர்னேட்டின் எஸ்க்யூஎல் லாகை, அதாவது பதிவேட்டை, போட்டுப் பார்த்தேன். தரவை எடுக்கும் ஒரே செலக்ட் வரி திரை முழுக்க ஓடிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் 200 ஆர்டர்கள். அவற்றை எடுக்க 1 வினவல், பிறகு ஒவ்வொரு ஆர்டரிலும் என்னென்ன பொருள் என்று எடுக்கத் தனித்தனியாக 200. ஆக மொத்தம் 201. 'N+1' (என் பிளஸ் ஒன்) என்று பெயரே உண்டு இதற்கு. 2009ல் இதே தப்பை நானே செய்து, நானே திருத்தியிருக்கிறேன். ஆர்டரையும் பொருட்களையும் சேர்த்தே எடுக்கும் ஜாயின் ஃபெட்ச் போட்டு ஒரே வினவலாக்கினேன். பக்கம் ஒரு நொடிக்குள் திறந்தது.

அந்த வருட மதிப்பீட்டில் என் தலைவர் இதைக் குறிப்பிட்டிருந்தார். "புதிய விஷயங்களை வேகமாகக் கற்றுக்கொள்கிறார்" என்று எழுதியிருந்தார்.

பத்து வருடமாகத் தெரிந்த ஒன்று. அவர் கெட்ட மனிதர் இல்லை, பாராட்டுவதாகத்தான் நினைத்து எழுதினார். ஆனால் இடைவெளி எடுத்தவள் என்ற கண்ணாடியைப் போட்டுவிட்டால், அவளுக்குத் தெரிந்ததெல்லாம் இப்போதுதான் தெரிந்துகொண்டதாகத் தோன்றுகிறது. சம்பள உயர்வும் பதவியும் அந்த வரியை வைத்துத்தான் முடிவானது. தயவுசெய்து அந்தப் பெண்ணின் மதிப்பீட்டை எழுதும்போது, 'கற்றுக்கொண்டார்', 'அறிந்திருந்தார்' இரண்டில் எது உண்மை என்று பார்த்து எழுதுங்கள்.

இந்த இடத்தில் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் வெகுநாளாக இருக்கிறது. எல்லாவற்றையும் வீடியோவாகப் போடும் இந்தப் பழக்கம் எப்போது வந்தது? நான் படித்ததெல்லாம் இரவில், தூங்கும் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு. சத்தம் வைக்க முடியாது. எழுத்தாக இருந்தால் கண்ணால் ஓட்டி, வேண்டிய வரியை மட்டும் பிடித்துக்கொள்ளலாம். ஒரே ஒரு கட்டளையைத் தெரிந்துகொள்ள 40 நிமிட வீடியோவை முன்னும் பின்னும் இழுத்துத் தேடிய இரவுகள் எத்தனையோ. தெரிந்ததை எழுதி வைப்பவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். உங்கள் குழுவிலாவது யாராவது எழுதி வைத்தால் புண்ணியமாகப் போகும். இடைவெளி எடுத்தவர்களுக்கு மட்டுமில்லை, எல்லாருக்கும்.

இனி சிலர் சண்டைக்கு வருவார்கள், தெரியும். ஆண்களும் இடைவெளி எடுக்கிறார்கள்தானே என்பார்கள். எடுக்கிறார்கள், மேலே சொன்னதெல்லாம் அவர்களுக்கும் பொருந்தும். கேள்வி பெண்ணைப் பற்றி வந்ததால் அப்படி எழுதுகிறேன். ஒருவருக்குச் சலுகை காட்டினால் மற்றவர்கள் தலையில்தானே சுமை விழும் என்பார்கள். நான் சலுகை கேட்கவே இல்லை. சந்தேகம் கேட்க ஒரு ஆளைப் பெயர் சொல்லி நியமியுங்கள், அந்த ஆளின் வேலைக் கணக்கில் அந்த நேரத்தையும் சேருங்கள் என்கிறேன். எனக்குப் பெட்டி வரைந்து காட்டிய பையன் தன் சாப்பாட்டு நேரத்தை விட்டுவிட்டு வந்தான். அவன் நல்லவனாக இருந்ததால் நான் பிழைத்தேன். அடுத்தவளுக்கும் அப்படி ஒருவன் அமைவான் என்று எதை வைத்து நம்புவது?

நீ ஒருத்தி சொன்னால் ஆயிற்றா என்றும் கேட்கலாம். பிரிட்டனில் ஸ்டெபானி ஷர்லி 1962ல் ஃப்ரீலான்ஸ் புரோகிராமர்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். கல்யாணத்துக்காகவோ குழந்தைக்காகவோ கணினித் துறையை விட்டுப் போன பெண்களைத் தேடிப் பிடித்து, வீட்டிலிருந்தே வேலை செய்ய வைத்தார். முதல் 300 ஊழியர்களில் 297 பேர் பெண்கள். பெண் பெயரில் எழுதிய கடிதங்களுக்குப் பதில் வராததால் 'ஸ்டீவ்' என்று கையெழுத்துப் போட்டார். கான்கார்ட் விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கு நிரல் எழுதியது அந்தப் பெண்கள்தான். அவர் அவர்களுக்கு லேசான வேலை கொடுத்துப் பாதுகாக்கவில்லை. வேலை நேரத்தையும் இடத்தையும் அவர்கள் வசத்துக்கு விட்டார், வேலையை மட்டும் முழுசாகக் கொடுத்தார்.

'ரிட்டர்ன்ஷிப்' என்ற சொல்லோடு கோல்ட்மேன் சாக்ஸ் 2008ல் ஒரு திட்டம் தொடங்கியது. அதற்குப் பிறகு பல நிறுவனங்களில் அந்த மாதிரித் திட்டம் வந்துவிட்டது. சில மாதம் வேலை, பிறகு நிரந்தரமா இல்லையா என்று முடிவு. உங்கள் நிறுவனமும் அப்படித்தான் எடுக்கிறது என்றால், எதைப் பார்த்து முடிவு செய்வீர்கள் என்பதை முதல் வாரமே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். அது தெரியாமல் மூன்று மாதம் ஒருவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது கொடுமை.

மற்றபடி சின்னச் சின்ன விஷயங்கள். கணினி, கடவுச்சொல், அனுமதிகள் எல்லாம் முதல் நாளே தயாராக இருக்கட்டும். எனக்கு ஒன்பது நாள் ஆனது. இரண்டு வாரத்துக்குள் அவர் கைப்பட்ட ஏதாவது ஒரு திருத்தம், ஒரு வரியானாலும், பயனர் கையில் போய்ச் சேரட்டும். மாலை ஆறு மணிக்கு மேல் முக்கியமான கூட்டம் வைத்து, வர முடியாதவரை விட்டுவிட்டு முடிவெடுக்காதீர்கள். முடிவெடுத்தால் எழுதி அனுப்புங்கள்.

கடைசியாக, அறிமுக மின்னஞ்சல். என்னைப் பற்றிக் குழுவுக்கு இப்படி அனுப்பினார்கள்: "எட்டு வருட இடைவெளிக்குப் பிறகு வருகிறார், அனைவரும் பொறுமையாக நடந்துகொள்ளவும்." ஏழரை வருடம் நான் கட்டிய எதைப் பற்றியும் அதில் ஒரு வரி இல்லை. அதைப் படித்தவர்கள் பொறுமையாகத்தான் நடந்துகொண்டார்கள், நோயாளியிடம் நடந்துகொள்வதுபோல. உங்கள் குழுவுக்கு அனுப்பும்போது அவர் என்ன செய்தவர் என்று எழுதுங்கள். இடைவெளியைச் சொல்வதா வேண்டாமா என்று அவர் முடிவு செய்யட்டும். அனுப்பும் முன் ஒருமுறை அவரிடமே காட்டிவிடுங்கள்.