கிரப் பூட் மெனு: எழுத்தும் அழகாக வேண்டும், மெனுவும் சட்டென்று வர வேண்டும்

கணினியைத் தொடங்கியதும் லினக்ஸா விண்டோஸா என்று கேட்கும் நிரல்தான் கிரப். அதன் மெனுவின் எழுத்துரு பற்றிக் கேட்டவர்களுக்கெல்லாம் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: அண்ணா, லேப்டாப்பில் 4கே திரை. மெனுவில் கீழ் அம்புக்குறியை அழுத்தினால் திணறித் திணறித்தான் நகர்கிறது. எழுத்துருவை மாற்றினால் சரியாகுமா?

பதில்: ஆகாது தம்பி. எழுத்துரு மேல் பழி போட வேண்டாம். மெனு வரும் நேரத்தில் கிராபிக்ஸ் டிரைவர் எதுவும் ஏறியிருக்காது, ஒவ்வொரு புள்ளியையும் சிபியுவே எழுதியாக வேண்டும். 3840×2160 திரையை ஒருமுறை நிரப்ப, புள்ளிக்கு 4 பைட் வீதம், ஏறக்குறைய 33 எம்பி. 1024×768 என்றால் 3 எம்பியோடு முடிந்தது. மெனுவில் சி விசையை அழுத்தி ‘வீடியோஇன்ஃபோ’ என்று கேளுங்கள், உங்கள் கணினி தரும் அளவுகளைக் காட்டும். அதில் சிறிய ஒன்றை கிரப் அமைப்புக் கோப்பின் ‘ஜிஎஃப்எக்ஸ்மோட்’ வரியில் போட்டு, அப்டேட்-கிரப் கட்டளையை ஓட்டுங்கள். டெஸ்க்டாப் மங்கிவிடுமோ என்ற பயம் வேண்டாம். லினக்ஸின் டிரைவர் ஏறியதும் திரை தன் முழு அளவுக்குப் போய்விடும். இன்னொரு லாபம், புள்ளிகள் குறைந்தால் அதே எழுத்து பெரிதாகவும் தெரியும்.

கேள்வி: சார், கூடவே வரும் யூனிகோட் எழுத்துரு 2 எம்பிக்கு மேல் இருக்கிறது. சிறியதாக வெட்டினால் வேகம் கூடுமா?

பதில்: பெரிதாகக் கூடாது. கிரப் முதலில் அட்டவணையை மட்டும்தான் படிக்கும், எழுத்து வடிவங்களைத் தேவைப்படும்போதுதான் எடுக்கும். வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால், கட்டம் போடும் கோடுகளையும் அம்புக்குறிகளையும் விட்டுவிடாதீர்கள். ஆங்கில எழுத்துகளை மட்டும் வைத்தால் மெனுவைச் சுற்றிக் கேள்விக்குறிகளாக நிற்கும்.

கேள்வி: டெஸ்க்டாப்பில் பிடித்த டிடிஎஃப் எழுத்துருவை, கிரப்புக்கு ஏற்றபடி மாற்றும் கிரப்-எம்கேஃபான்ட் கருவியை வைத்து மாற்றினேன். ஓரமெல்லாம் பல் பல்லாக இருக்கிறதே?

பதில்: கிரப்பின் எழுத்துரு வடிவமான பிஎஃப்2-இல் ஒரு புள்ளிக்கு ஒரு பிட்தான். கறுப்பு அல்லது வெள்ளை, நடுவில் சாம்பல் நிழல் கிடையாது. டெஸ்க்டாப்பில் வழவழப்பாகத் தெரிவதே அந்த நிழலால்தான். அதனால் புள்ளி புள்ளியாகவே வரையப்பட்ட டெர்மினஸ் போன்ற எழுத்துருவை எடுங்கள். அதில் 12 முதல் 32 வரை அளவுகள் உண்டு. திரைக்கு ஏற்றதைத் தேர்ந்து அப்படியே மாற்றினால் கண்ணாடி போல இருக்கும். டிடிஎஃப்தான் வேண்டும் என்றால் பெரிய அளவில் மாற்றுங்கள், பல் அவ்வளவாக உறுத்தாது.

கேள்வி: ஐயா, மெனுவைத் தமிழில் வைக்க முடியுமா?

பதில்: எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் இடம் இது. எழுத்துருவில் தமிழ் எழுத்து இருக்கிறது, ஆனால் வரிசை சரியாக வராது. ‘கெ’ என்று சேமிக்கும்போது முதலில் க, அப்புறம் கொம்பு. திரையில் கொம்பு முன்னால் வர வேண்டும். அந்த இடமாற்றத்தைச் செய்யும் ஹார்ஃப்பஸ் போன்ற நிரல் கிரப்பில் இல்லை. அரபு எழுத்துகளை இணைக்க மட்டும் தனியாக ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். ‘லினக்ஸ்’ என்ற சொல்லில் கொம்பு இல்லை, வரிசை குலையாது. ‘விண்டோஸ்’ குலையும். ‘உபுண்டு’வில் பு, டு இரண்டும் உருமாற வேண்டியவை, அதுவும் நடக்காது. இப்போதைக்கு ஒரே வழி, தலைப்பைத் தமிழில் வரைந்து பின்னணிப் படத்திலேயே சேர்ப்பது. படத்தை மெனுவின் அளவிலேயே செய்யுங்கள், பெரிய படத்தைச் சுருக்கும் வேலையும் சிபியு தலையில்தான் விழும்.

கேள்வி: நன்றாக வந்துகொண்டிருந்த என் எழுத்துரு, அப்டேட்டுக்குப் பிறகு ஏறவே இல்லை.

பதில்: செக்யூர் பூட், அதாவது கையொப்பம் சரிபார்த்த நிரல்களை மட்டுமே தொடக்கத்தில் ஓடவிடும் காவல், போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். எழுத்துருவைக் கையாளும் பகுதியில் இருந்த ஓட்டைகள் 2022 நவம்பரில் வெளியாயின. கெட்ட எண்ணத்தோடு தயாரித்த ஒரு எழுத்துருக் கோப்பாலேயே நினைவகத்தில் அத்துமீறி எழுத முடிந்தது. அதன் பிறகு, செக்யூர் பூட் இருந்தால் சரிபார்க்கப்படாத எழுத்துருவை கிரப் ஏற்பதில்லை. அழகுக்காக அந்தக் காவலை எடுத்துவிடாதீர்கள். கூடவே வரும் எழுத்துருவை வைத்துக்கொண்டு, திரை அளவை மட்டும் குறையுங்கள்.