குடத்தில் உங்கள் பங்கு எங்கே?

கேள்வி: மண்டபம் பக்கத்து மீனவக் கிராமத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறேன். கருவுற்று இது மூன்றாம் மாதம். நாளுக்கு ஐந்தாறு முறை வாந்தி வருகிறது. முற்றத்தில் காயும் கருவாட்டு வாடை பட்டாலே குமட்டுகிறது. குடிதண்ணீரை விலைக்கு வாங்குவதால், மாமனார், மாமியார், கடலுக்குப் போகும் கணவர் ஆகியோருக்கு எடுத்து வைத்துவிட்டு நான் அளந்துதான் குடிக்கிறேன். இஞ்சி, எலுமிச்சை எதற்கும் வாந்தி கேட்கவில்லை. என்ன செய்வது?

பதில்: தண்ணீரை அளந்து குடிப்பதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள், எனக்கோ உங்கள் கடிதத்தில் அது ஒன்றுதான் கண்ணில் படுகிறது. வாந்தியோடு நீரும் உப்பும் வெளியேறும் உடம்புக்கு அவற்றைத் திருப்பித் தராவிட்டால் குமட்டல் கூடும், குமட்டல் கூடினால் குடிப்பது இன்னும் குறையும். இந்த நிலையில் இஞ்சி என்ன செய்யும்?

உங்கள் கணவர் கேனில் தண்ணீர் நிறைக்காமல் படகை இறக்குவாரா? நிலத்தடி நீர் உப்பாகிப்போன உங்கள் கரையில் பெண்கள் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு நடக்கும் தொலைவை நான் அறிவேன். ஆயினும் வீட்டின் சிக்கனம் பிள்ளை சுமப்பவளிடமிருந்து தொடங்குவதை எந்தக் குடும்ப மரியாதையின் பெயராலும் என்னால் ஏற்க முடியாது. உங்களுக்கு நாளொன்றுக்கு வேண்டியது ஏறத்தாழ இரண்டரை லிட்டர், அதாவது 15 லிட்டர் குடத்தில் ஆறில் ஒரு பங்கு. பெரியவர்களுக்கு முதலில் எடுத்து வைப்பது நல்ல வளர்ப்பு. ஆனால் மிச்சத்தைக் குடித்து நாளை ஓட்டும்போது நீங்கள் விட்டுக்கொடுப்பது பிள்ளையின் பங்கையும் சேர்த்துத்தான்.

ஒரே மூச்சில் குடிக்காமல், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு மடக்கு குடியுங்கள். சுகாதார நிலையத்தில் கிடைக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தைக் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். நுங்கு கிடைத்தால் சாப்பிடுங்கள். காலையில் படுக்கையை விட்டு எழுமுன் கொஞ்சம் பொரியோ ரஸ்க்கோ தின்னுங்கள், வயிறு காலியாகக் கிடக்கக் கூடாது. கருவாட்டைக் காற்று வீட்டுக்குள் அடிக்காத பக்கம் காயவைக்கச் சொல்லுங்கள். டாக்ஸிலமினும் பைரிடாக்ஸினும் சேர்ந்த மாத்திரையை மருத்துவர்கள் கர்ப்பகால வாந்திக்குத் தருகிறார்கள். அதைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

நாலாம் மாதத்தில் தானாக நின்றுவிடும் என்று வீட்டில் சொல்வார்கள். பலருக்கு அப்படித்தான் நிற்கிறது. ஆனால் குடித்த நீர் ஒரு நாள் முழுவதும் தங்காவிட்டாலோ, சிறுநீர் தேநீர் நிறத்தில் போனாலோ, எட்டு மணி நேரம் போகாமலே இருந்தாலோ, எழுந்தால் தலை சுற்றினாலோ, 50 கிலோ எடையில் இரண்டரை கிலோ குறைந்தாலோ, அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். போகமுடியாத நிலையென்றால் 108-ஐ அழையுங்கள்.

இந்தப் பக்கத்தை உங்கள் மாமியாரிடம் வாசித்துக் காட்டுங்கள். பிள்ளை பெற்றவர், அவருக்குப் புரியும். கூடுதல் குடத்துக்குக் காசு கொடுக்க வேண்டியது உங்கள் கணவர். இன்று அவர் கரையேறியதும் அதைத்தான் முதலில் கேளுங்கள்.